ஏட்டுக் காந்தளும் காட்டுக் காந்தளும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகச் சென்று, விதுராவைக் கடந்து, பொன்முடிக்கு ஏறும் மலைச்சாலையின் அடிவாரத்தில் கல்லாறு என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. உருண்டு திரண்ட பாறைகளினூடே தெளிந்து ஓடும் ஆற்றின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. அவ்வாறு கீழே இறங்கி, வாமனபுரத்தாற்றின் நீராகிக் கடலோரக் காயலைச் சென்று சேர்கிறது. விடுமுறை நாட்களில் பொன்முடிக்குச் செல்லும் நம் குடியிருப்புக் குடும்பங்கள் பல, கல்லாற்றுப் பாலத்தருகே சற்று நின்று ஆற்றைக் கண்டு மகிழ்ந்து செல்வது வழக்கம். ஆற்றைக் கண்டோர் பலர். அம்மலைக்காடு நம் பழந்தமிழ் இலக்கியத்தோடு கொண்டுள்ள உறவை எண்ணிப் பார்த்தோர் சிலரே. அவ்வுறவுக்குச் சான்றாக நிற்பது ஒரு கிழங்குச் செடி. அதன் வரலாற்றை இவ்விழா மலரில் சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

வெங்காயமும் பூந்தோட்டமும்

வெங்காயமும் கிழங்கும் சமையற்கட்டுக்கு உரியன அன்றோ, அவற்றுக்குப் பூந்தோட்டத்தில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். மேனாட்டார் அவ்வாறு நினைப்பதில்லை. அமெரிக்க நாட்டின் சிக்காகோ மாநகரம் தன் பெயரையே ஒரு காட்டு உள்ளியிடமிருந்து பெற்றது. அங்குள்ள ஆற்றங்கரையில் மிகுதியாக விளைந்த ஒருவகைக் காட்டுப் பூண்டுக்குப் பழங்குடி மக்கள் வழங்கிய பெயரே, பிரெஞ்சுக்காரர் நாவில் திரிந்து நகரப் பெயர் ஆயிற்று என்பர் ஆராய்ச்சியாளர். இந்நாளில் அந்நாட்டுத் தோட்டக் கலைஞர், தம் மண்ணுக்கே உரிய காட்டு வெங்காய இனங்களை நிலைத்த பூம்பாத்திகளில் விரும்பி வளர்க்கின்றனர். ஒருமுறை நட்டால் போதும்; பருவம் முடிந்ததும் இலையும் தண்டும் மடியும்; மறு பருவத்தில் அழையாமலே முளைத்து எழும். தாய்மண்ணில் வளர்வதால் அதற்குப் பெருஞ்செலவும் இல்லை, பேணுதற்குப் பெருந்துன்பமும் இல்லை.

நம் நாட்டில் உண்மையான வெங்காயக் குலத்தின் காட்டினங்கள் பெரும்பாலும் இமயமலைச் சாரல்களில் வளர்வன. தென்னாட்டில் அவற்றின் இடத்தை வேறு சில கிழங்குச் செடிகள் நிரப்புகின்றன. வறண்ட நிலத்திலும் கடலோர மணலிலும் வளரும் நரிவெங்காயம் ஒன்று. மலையாளத்தில் இதனைக் காட்டுள்ளி என்பர். உள்ளி என்னும் சொல் நமக்கும் உரியதே. நீண்ட பட்டை இலைகளும் வெண்ணிறப் பூங்கொத்தும் உடைய விஷமூங்கில் மற்றொன்று. தரையோடு தரையாக மஞ்சள் விண்மீன் போலப் பூக்கும் நிலப்பனை இன்னொன்று. தனுமாதத் திருவாதிரையில் கேரளப் பெண்டிர் சூடும் தசபுஷ்பங்களுள் இதுவும் அடங்கும். இவை எல்லாவற்றுக்கும் அரசியாக விளங்குவது காந்தள்.

ஏட்டில் காந்தள்

காந்தளைப் போலச் சங்கப் புலவர் உள்ளத்தைக் கவர்ந்த மலர்கள் மிகச் சிலவே. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த மலர்களாக 99 பெயர்கள் வருகின்றன. அவ்வரிசையில் முதலிடம் பெற்றது செங்காந்தளே. அதே பட்டியலில் தோன்றி என்றும் கோடல் என்றும் வரும் பெயர்களையும் காந்தளின் வகைகளாகவே உரைகாரரும் அகராதியாரும் கொள்வர். கோடல் என்பது வெண்காந்தள். மகளிர் விரலுக்கும், படமெடுத்த பாம்புக்கும், எரியும் சுடருக்கும் காந்தளை உவமை கூறினர் புலவர். குறிஞ்சிக் கடவுளாகிய முருகனுக்கு வேலன் வெறியாட்டு அயரும்போது அணிந்த மலரும் இதுவே. தொல்காப்பியம் அவ்வெறியாட்டைக் கூறும் துறைக்கே காந்தள் என்று பெயரிட்டது.

இப்பெயர்களும் ஒரு காலத்தில் மறையும் நிலையில் இருந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-ஆம் ஆண்டில் பதிப்பித்து வெளியிட்டார். அப்பதிப்புக்கு உழைத்த காலத்தில், குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் சில பெயர்கள் ஏட்டுப் பிரதிகளில் உதிர்ந்து போயிருக்கக் கண்டு, அவற்றைத் தேடி அலைந்து மீட்டார். அந்த அனுபவத்தை 'உதிர்ந்த மலர்கள்' என்னும் கட்டுரையாகவும் எழுதி வைத்தார். மூன்று நான்கு பூக்களின் பெயருக்காக ஒரு பேரறிஞர் அத்துணை பாடுபட்டார் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. அவர் முயற்சியால் பெயர்கள் பிழைத்தன. ஆனால் அப்பெயர்களுக்கு உரிய செடிகளை நம்மில் எத்துணை பேர் நேரில் கண்டு இன்னதென்று சொல்ல வல்லோம்? பள்ளியில் காந்தளைப் படித்த பிள்ளை, வேலியோரத்தில் பூத்து நிற்கும் காந்தளைக் கண்டும் பெயரறியாது கடந்து போகிறது. ஏட்டைக் காத்தோம், செடியை மறந்தோம்.

காட்டில் காந்தள்

நாம் மறந்ததை மலைநாடு மறக்கவில்லை. கேரளத்தில் இச்செடிக்கு வழங்கும் பெயர் மேந்தோன்னி. குறிஞ்சிப்பாட்டின் தோன்றியே இதில் உறைந்திருக்கிறது என்பது மொழியறிந்தோர் கருத்து. நம் நாட்டுப்புறத்தில் இதனைக் கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்று வழங்குவோமே அன்றி, தோன்றி என்னும் பழம்பெயரைப் பேச்சில் கேட்பது அரிது. தமிழன் நூலில் மட்டும் வைத்துக்கொண்ட சொல்லை மலையாளி வாயில் வைத்துக் காத்தான் என்றால் அது மிகையாகாது.

இப்பெயர் 17-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய நூலிலும் ஏறிவிட்டது. கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராக இருந்த வான் ரீட், மலையாள நாட்டுத் தாவரங்களைப் பற்றி 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் பெருநூலைத் தொகுப்பித்தார். அது 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. 742 தாவரங்கள் அதில் விளக்கப்பட்டுள்ளன. அந்நூலுக்கு மூலமாக நின்றவர் சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர். அவருடன் ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய மூவரும் துணை நின்றனர். அதன் ஏழாம் தொகுதியில் நம் காந்தள், மெந்தோனி என்னும் பெயரோடு படமாக இடம்பெற்றுள்ளது. லத்தீன் மொழியில் அடைபட்டுக் கிடந்த அப்பெருநூலைத் தாவரவியல் பேராசிரியர் கா. சு. மணிலால் பல்லாண்டுகள் உழைத்து மொழிபெயர்த்தார். கேரளப் பல்கலைக்கழகம் அதனை 2003-இல் ஆங்கிலத்திலும் 2008-இல் மலையாளத்திலும் வெளியிட்டது. உ. வே. சா. ஏட்டுச்சுவடிக்குச் செய்த தொண்டும், மணிலால் இந்நூலுக்குச் செய்த தொண்டும் ஒரே தன்மையன என்று கூறலாம்.

நூல் எழுதாதவர்களும் இவ்வறிவைக் காத்தனர். கல்லாற்றை அடுத்த அகத்தியமலைக் காடுகளில் வாழும் காணிக்காரர், தமிழும் மலையாளமும் கலந்த மொழி பேசுவோர். மலையின் இருபுறமும் அவர்தம் குடிகள் உள்ளன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது மலை இரு மாநிலங்களுக்கு உரியதாயிற்று. மக்களின் மொழியும் செடிகளின் பரவலும் அக்கோட்டை அறியவில்லை. கல்லாற்றுக் காணிக்கார மூதாட்டி இலட்சுமிக்குட்டி அம்மாள், நஞ்சு முறிக்கும் மருத்துவத்திலும் மூலிகையிலும் பெயர் பெற்றவர். இவருக்கு இந்திய அரசு 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. அவர் கற்றது ஏட்டுச்சுவடியில் அன்று. தாயிடமும் காட்டிடமும் ஆகும்.

கல்லாற்றிலிருந்து தொலைவில் இல்லாத பாலோட்டில், கேரள அரசு 1979-இல் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவையும் ஆராய்ச்சி நிலையத்தையும் நிறுவியது. இன்று அது ஜவகர்லால் நேரு பெயரைத் தாங்கி நிற்கிறது. 1987-இல் அகத்தியமலைக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவினர், வழிகாட்டிய காணிக்காரர் ஒரு சிறு செடியின் காய்களை உண்டு களைப்பின்றி மலையேறுவதைக் கண்டனர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியிலிருந்து மருந்து செய்யப்பட்டு, 1995-இல் தயாரிப்புரிமை ஒரு மருந்து நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. அதனால் வந்த பொருளில் சரிபாதி காணிக்காரருக்கு உரியது என்று பாலோட்டு நிலையம் ஏற்பாடு செய்தது. அதனைப் பெற்றுக்கொள்ள 1997-இல் காணிக்கார மக்களின் அறநிலையம் ஒன்றும் அமைந்தது. செடியைக் காத்தவனுக்கும் செடியில் பங்குண்டு என்னும் நீதி உலக அரங்கில் பேசப்பட்டது இம்மலையை முன்னிட்டே ஆகும்.

வந்த மலரும் மறந்த மலரும்

நம் முற்றத்திலிருந்து காந்தள் விலகியது எவ்வாறு? ஒரு காரணம், கடல் கடந்து வந்த பூக்கள். மழை பெய்த மறுநாள் பூக்கும் மழை லில்லியும், செக்கச்செவேலெனத் தொட்டியில் பூக்கும் பெரிய லில்லியும், சிலந்தி லில்லியும் அமெரிக்கக் கண்டத்துக் கிழங்குகளே. நம் திருமண மாலைக்கு இன்றியமையாத நிலச்சம்பங்கி மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தது என்றால் வியப்பு மேலிடும். வந்தவை அழகானவை, நட எளியவை, நகர நாற்றுப்பண்ணைகளில் கேட்டவுடன் கிடைப்பவை. உள்ளூர்க் காந்தளோ காட்டுக்கொடி, நச்சுக்கிழங்கு என்னும் பெயரோடு வேலிக்கு வெளியே நின்றது.

வெளியிலிருந்து வந்த பூவைப் பழிப்பது நம் கருத்தன்று. பிழைப்பை நாடி வேற்றூரில் குடியேறிய நாம் அவ்வாறு பழிப்பது முறையும் ஆகாது. நம் குடியிருப்பிலேயே பல மாவட்டத்தார் கலந்து வாழ்கிறோம். நிலச்சம்பங்கி நம் கோயிலில் இடம் பெற்றதுபோல நாமும் இவ்வூரில் இடம் பெற்றோம். ஆனால் வந்தவர், அம்மண்ணில் முன்பே இருந்தாரை அறிந்து மதித்தல் நல்லொழுக்கம் அன்றோ? அதனினும், இங்கு முன்பே இருந்த அவ்வுறவு நம் பாட்டன் பாடிய பூவாகவே இருக்கும்போது, அறியாதிருத்தல் இருமடங்கு இழப்பு.

நாம் மறந்த மலரை அயலார் போற்றினர் என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இது ஐரோப்பியரின் கண்ணாடி வீடுகளை அடைந்தது. 1753-இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு, புகழும் பெருமிதமும் உடையது என்று பொருள்படும் 'குளோரியோசா சூப்பர்பா' என்னும் பெயரை இதற்குச் சூட்டினார். ஆப்பிரிக்காவிலும் இச்செடி இயற்கையாக வளர்கிறது. 1947-இல் தென் ரொடீசியாவுக்குச் சென்ற இளவரசி எலிசபெத்துக்கு, அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அளித்த பிறந்தநாள் பரிசு காந்தள் வடிவான வைரப் பதக்கம். அந்நாடாகிய இன்றைய சிம்பாப்வேக்கு இது தேசிய மலர்; தமிழ்நாட்டுக்கு மாநில மலர்.

நஞ்சும் மருந்தும் வாணிகமும்

காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கோல்கிசின் என்னும் கடுநஞ்சு உள்ளது. ஐரோப்பாவில் கோல்கிக்கம் என்னும் மற்றொரு கிழங்குச் செடியிலிருந்து 1820-இல் பெல்லத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். கால் மூட்டு வீங்கி வருத்தும் கௌட் நோய்க்கு இது பழமையான மருந்து. 1937-இல், செடிகளின் உயிரணுக்களில் மரபுக்கோல்களின் எண்ணிக்கையை இதனால் இரட்டிப்பாக்கலாம் என்று அமெரிக்க அறிஞர் கண்டறிந்த பின், புதிய பயிர் இனங்களை உண்டாக்குவோர்க்கும் இது கருவியாயிற்று. 2023-இல் அமெரிக்க மருந்துத்துறை, இதய நோயாளர் சிலர்க்குச் சிற்றளவில் இதனைக் கொடுக்க ஒப்புதல் அளித்தது.

மருந்தின் மதிப்பு உயர உயரக் காட்டுக் கிழங்குக்குக் கேடு வந்தது. விதையைப் பறித்தால் செடி பிழைக்கும். கிழங்கை அகழ்ந்தால் செடியே போய்விடும். பல இடங்களில் காந்தள் அருகியமைக்கு இவ்வகழ்வு ஒரு பெருங்காரணம். இந்நிலையில் தமிழ்நாட்டு உழவர் செய்த பணி பாராட்டுக்குரியது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி முதலிய பகுதிகளில் கம்பிப் பந்தல் அமைத்துக் கண்வலிக்கிழங்கை வயற்பயிராக்கினர். விதை அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. புலவன் பாடிய பூவை உழவன் பயிராக்கினான். அதனைத் தோட்டத்துப் பூவாக்கும் பணி மட்டும் எஞ்சியுள்ளது. அப்பணி நம் இல்லத்தாருக்கு உரியது.

நம் முற்றத்தில் வளர்க்கும் முறை

முதற்கண் ஓர் எச்சரிக்கை. கல்லாற்றுக் காட்டிலிருந்தோ வேறு காப்புக் காட்டிலிருந்தோ ஒரு கிழங்கும் பெயர்த்து வரலாகாது. அது சட்டப்படி குற்றம், அறத்தின்படியும் பிழை. பயிரிடும் உழவரிடமோ நம்பத்தகுந்த நாற்றுப்பண்ணையிலோ கிழங்கு பெறலாம். விதையிட்டும் வளர்க்கலாம்; எனினும் பூக்கச் சில ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும்.

காந்தட் கிழங்கு கலப்பை போல் இரு கவை உடையது. முளை கவையின் நுனியில் மட்டுமே தோன்றும். ஆதலால் நுனி ஒடியாமல் கையாள வேண்டும். இடவப்பாதி மழைக்குச் சற்று முன்னர், மே மாத இறுதியில், இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில் கிழங்கைப் படுக்க வைத்து நடுதல் நலம். இவ்வூரின் செம்மண் இதற்கு ஏற்றதே. நீர் தேங்குமாயின் கிழங்கு அழுகும். எனவே மணலும் இலைமக்கும் கலந்து மேடான பாத்தி அமைக்க வேண்டும். மாடிவீட்டில் வாழ்வோர் அடியில் துளையுள்ள பெருந்தொட்டியில் வளர்க்கலாம். இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்வதால் கம்பி வலையோ, மெல்லிய குச்சிப் பந்தலோ, செம்பருத்திச் செடியோ போதும். பூ முதலில் பசுமை கலந்த மஞ்சளாய் விரிந்து, நாளடைவில் செம்மஞ்சளாகி, முடிவில் செந்தீயின் நிறம் எய்தும். கார்த்திகை கடந்து கொடி மஞ்சளாகி மடியும்போது நீரூற்றுவதை நிறுத்திவிட வேண்டும். செடி செத்தது என்று எண்ணி மண்ணைக் கிளறுதல் பெரும்பிழை, அது உறங்குகிறது. அவ்விடத்தில் ஓர் அடையாளக் குச்சி நட்டு வைத்தால் மறு மழைக்கு அதுவே எழும்.

காந்தள் உறங்கும் கோடையில் நரிவெங்காயம் விழிக்கும். இலையே இன்றி மண்ணிலிருந்து நெடுந்தண்டு எழுந்து பூக்கும். மழை பெய்த பின் இலை வரும். வெயிலும் மணலும் இதற்கு வேண்டும். விஷமூங்கிலை மதிலோரம் நட்டால் ஆண்டு முழுதும் பசுமை தரும். அதன் வெண்பூ மாலையில் மணக்கும். நிலப்பனை அரைநிழலில் முன்வரிசைக்கு ஏற்றது. இவ்வாறு நான்கையும் சேர்த்து வைத்தால், ஒன்று மடியும்போது மற்றொன்று எழும் நிலைத்த தோட்டம் அமையும். கரிய உடலில் வெள்ளையும் செம்மஞ்சளும் புள்ளியிட்ட புழு ஒன்று காந்தளையும் விஷமூங்கிலையும் விரும்பித் தின்னும். காலையில் கையுறை அணிந்து பொறுக்கிவிட்டால் மருந்து தெளிக்க வேண்டுவதில்லை.

இரண்டாம் எச்சரிக்கை இன்னும் முதன்மையானது. காந்தளும் நரிவெங்காயமும் விஷமூங்கிலும் உண்ணத் தகாதன. காந்தட் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று மயங்கி உண்டு உயிரிழந்தோர் உண்டு. சமையற்கட்டுக்கு அருகில் கிழங்கைச் சேமித்து வைக்கலாகாது. தவழும் குழந்தையும் கன்றுகாலிகளும் எட்டும் இடத்தில் நடலாகாது. நட்டபின் கையை நன்கு கழுவுதல் வேண்டும். கைவைத்தியமாக இதனைத் தாமே பயன்படுத்துவதும் கூடாது. யாரேனும் உண்டுவிட்டால், நலமாக இருப்பது போலத் தோன்றினும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும். பிள்ளைகளுக்குச் செடியைக் காட்டும்போதே அதன் நஞ்சையும் சொல்லிக் கொடுத்தல் பெற்றோர் கடமை. காணிக்காரர் தம் பிள்ளைகளுக்குக் காட்டைக் கற்பிக்கும் முறையும் அழகையும் ஆபத்தையும் ஒருசேரக் காட்டும் முறையே.

நாம் செய்யத் தக்கது

நம் சங்கத்தின் ஆண்டு விழாக்களில் குறிஞ்சிப்பாட்டைப் பற்றிச் சொற்பொழிவு கேட்கிறோம்; பிள்ளைகள் மலர்ப்பெயர்களை மனப்பாடம் செய்து ஒப்பித்துப் பரிசு பெறுகின்றனர். அது தொடரட்டும். அத்துடன், குடியிருப்பின் பொதுவிடத்தில் வேலியிட்டு ஒரு சிறு பாத்தி அமைத்து, காந்தள், தோன்றி, மேந்தோன்னி என்னும் மூன்று பெயர்களையும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகையில் எழுதி வைப்போமாக. அப்பலகையைப் படிக்கும் மலையாள அன்பர், தம் சொல் நம் பழம்பாட்டில் இருப்பதை அறிவார். நம் பிள்ளைகள், தம் பாட்டின் பூ இவ்வூர் மண்ணில் பூப்பதை அறிவர். அடுத்த முறை கல்லாற்றுப் பாலத்தில் நின்று மலையை நோக்கும்போது, அம்மலையை அயல்மலை என்று அவர்கள் கருதமாட்டார்கள்.

உதிர்ந்த பெயர்களை ஒருவர் தேடி மீட்டுத் தந்தார். அப்பெயர்களுக்கு உரிய உயிரை மீட்கும் கடன் நம்முடையது. இவ்வாண்டு இடவப்பாதி மழைக்கு முன் வீட்டுக்கு ஒரு கிழங்கு நடுவோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!